தோல்ஷாப்பு அக்கா கொட்டிய அரிசி

பால்பவுடர் டப்பா நிறைய அரிசியை இரு கைகளாலும் என் முன் நீட்டிக்கொண்டு தோல்ஷாப்பு அக்கா நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பவுடர் தீர்ந்ததும் காலி டப்பாவாக அதை அவருக்குக் கொடுத்ததே நான்தான்.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் சனிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு வெளிநாட்டு மாவும் பால்பவுடரும் கொடுப்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைச் சாமியார் அளந்து போடும் வேலைக்கு வைத்தார். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அக்கா, பட்டைச் சாயம் ஏறிச் சிவந்த கைகளோடு வரிசையில் நிற்பார். அவர் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அதே வேலைதான். பூசையில் கூட அந்தத் தெருவார் ஒரு பக்கமாகத் தனியே உட்கார வேண்டும். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் மழை பொய்த்து மக்கள் பட்டினி கிடப்பதாகச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். குருத்து ஞாயிறன்று அதைக் கோயில் வாசலில் ஏலம் விட்டு, வரும் பணத்தை அந்த நாட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வீடு வீடாகப் போய் அரிசி வாங்கும் பொறுப்பு எனக்கு. எல்லாத் தெருவுக்கும் போனேன். தோல்ஷாப்புத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. மாவு வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் அரிசி கேட்பதா? அதை இரக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிறுக்கு முந்தின நாள் அக்காவே ஆளுக்கொரு டப்பா அரிசியோடு தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டார்.

"ஏந்தாயி, எங்க தெருவுக்கு மட்டும் வழி தெரியலையா?"

"இல்லக்கா, ஒங்களுக்கே கஷ்டம்னு..."

"கஷ்டந்தான். அதுக்காக வாங்குற கைக்குக் குடுக்கத் தெரியாதா?"

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "வாங்கிக்க புள்ள. திருப்பிக் கொண்டு போனா எம் புருசன் இன்னைக்கே பொங்கச் சொல்லிருவான்."

எல்லா டப்பாக்களும் சேர்ந்து ஒரு சிறு மூட்டை ஆனது. அதைப் பொதுக் குவியலில் கொட்டப் போனேன். கோயில் ஏலம் எதையும் வழக்கமாக எடுக்கும் பங்குப் பெரியவர் தடுத்தார்.

"அதத் தனியா வையி. கலந்தா ஒருத்தரும் ஏலம் கேக்க மாட்டாக."

தவறு என்று தெரிந்தது. ஆனாலும் தனியாக வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை முதலில் அந்த மூட்டையைக் காட்டி ஏலம் கூறினார். மூன்று தரம் கூறியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமியார் முகம் சிவந்து எழுந்தார். அதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூட்டையை அவிழ்த்தார். பெரிய குவியலின் மேல் கொட்டி, இரு கைகளாலும் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பக் கேளுங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, நீதான பிரிச்சு வச்ச? மேலாகக் கெடக்குறத அள்ளி ஒதுக்கு."

ஆண்கள் கூடிய இடத்தில் நான் அதுவரை பேசியதே இல்லை.

"அள்ள மாட்டேன்யா," என்றேன். குரல் எனக்கே கேட்டதா என்பது சந்தேகம். பெரியவருக்குக் கேட்டுவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரோடு சிலரும் போனார்கள்.

கடைசியில் ஏலம் எடுத்தவர் நாகல் நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய். விலை குறைவுதான். அவர் ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்து, "கல்லு கில்லு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பொறுக்கித்தான் போட்டோம் பாய்," என்றார் அக்கா.

இப்போது தவக்காலம் என்று சொல்லும் அந்தத் தபசு காலத்தில், காணிக்கையை ஒட்டிய உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. அது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று மூட்டையைத் தனியே வைத்ததற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. அடுத்து மாவு கொடுத்த சனிக்கிழமை, அவர் எப்போதும்போல வரிசையில் வந்து பையை விரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டே படியை விளிம்பு மட்டத்துக்கு அளந்தேன்.

"என்ன தாயி, படி தலை தட்டுது," என்றார். "நல்லாக் கோபுரமா அள்ளிப் போடு."