கோழிகள் கேட்ட எஃப்.எம்.

சேலத்தில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் காலை நிகழ்ச்சியின் அறிவிப்பாளராக இருந்தேன். ஆரம்பத்தில் பழைய மெல்லிசைப் பாடல்கள் மட்டும்தான். மெதுவாகப் பேச வேண்டும், சிரித்தாலும் சத்தம் வரக்கூடாது. பிறகு சென்னையிலிருந்து புது மேலாளர் வந்தார். இளைஞர்கள் யாரும் நம்மைக் கேட்பதில்லை என்று திரையில் படம் போட்டு விளக்கினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குத்துப்பாட்டு. என்னையும் கத்தச் சொன்னார்கள். கத்தினேன்.

அந்த வாரமே நேரலையில் ஒருவர் கூப்பிட்டார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவராம்.

"ஏனுங்க, பழையபடி பாட்டுப் போட மாட்டீங்களா?"

"என்னண்ணா, புதுப் பாட்டு புடிக்கலையா?" என்று உற்சாகமாகக் கத்தினேன்.

"எனக்கு எதா இருந்தாலும் சரிங்க. கோழிங்கதான் மிரளுது. முட்டை கொறைஞ்சு போச்சு. கோழி செட்டுக்குள்ள பொழுதன்னைக்கும் உங்க ஸ்டேசன்தானுங்க ஓடும்."

மேலாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையால் வெட்டிக் காட்டினார். இணைப்பைத் துண்டித்தேன். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் என்று நாங்கள் விளம்பரப்படுத்தியது பொய்யில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து பண்ணைக்காரரே நிலையத்துக்கு வந்துவிட்டார், கையில் பென் டிரைவோடு.

"பழைய பாட்டெல்லாம் இதுல ஏத்திட்டேனுங்க. அப்பவும் அடங்க மாட்டேங்குதுங்க. நடுவால உங்க பேச்சு இல்லீங்களே. கொஞ்சம் பேசிக் குடுங்க சாமி."

"என்னங்க பேசறது?"

"என்ன வேணா பேசுங்க. அதுங்களுக்கென்ன, வெவரம் புரியவா போவுது?"

மேலாளர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பேசிக் கொடுத்தேன். ஏற்காட்டில் தூறல், எடப்பாடியில் வெயில், இன்றைய நாள் இனிதாகட்டும். அத்தனை நிதானமாக நேயர்களுக்காகக்கூட நான் பேசியதில்லை. முட்டை பழையபடி ஆகிவிட்டது என்று பிறகு போன் செய்தார்.

இளைஞர்கள் கடைசிவரை வரவில்லை. அதனால் நிலையம் மறுபடி மெல்லிசைக்கே திரும்பியது. இந்த முறை இடைவிடாத பாட்டு, பேச்சே கிடையாது. அறிவிப்பாளர்களை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

விளம்பரம் கேட்டு நான் முதலில் போனது அவருடைய பண்ணைக்குத்தான். உட்கார வைத்து மோர் கொடுத்தார். கோழி செட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. உங்க ஸ்டேசனை இப்ப ஆருங்க கேக்கறாங்க?" என்றார்.

மோர் நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.