படத்துக்காக வாங்கிய சில்லுகள்

குளிர்காலத்துக்கென்று காருக்குத் தனியாக நாலு சில்லு வாங்கப் போனபோது எனக்குப் பனியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பிராண்டே என்ற ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நின்ற டேனிஷ்காரர் வலிய வந்து புத்தி சொன்னார். பதின்மூன்று அங்குல இரும்பு றிம் எடு, டயர் ஒடுக்கமாக இருக்கட்டும், அதுதான் பனியை வெட்டிக்கொண்டு தார்வரை இறங்கும், அகலமான டயர் பனிக்கு மேலே மிதக்கும் என்றார். கடதாசியில் கீறியும் காட்டினார். நன்றாகத் தலையாட்டினேன்.

வாங்கியது பதினைந்து அங்குலம். அகலமான டயர், பளபளக்கிற அலுமினிய றிம். காரணத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் காரோடு நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். கார் இல்லாதவன் மற்றவனுடைய காரில் சாய்ந்து நிற்பான். என் மனைவி கைக்குழந்தையோடு கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். என்னோடு அறையில் இருந்த மன்னார்க்காரர் கடைக்கும் கூட வந்து, இரும்பு றிம்மைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“உந்த றிம்மைப் பூட்டினால் படத்திலை தள்ளுவண்டி மாதிரியெல்லே தெரியும், அண்ணை.”

எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை, குடும்பத்தை அழைப்பது பற்றி விசாரிக்க, வெளிநாட்டவர் அலுவல்களைப் பார்க்கும் பொலிசில் நேரம் தந்திருந்தார்கள். ஊரைத் தாண்டிய முதல் வளைவிலேயே கார் வழுக்கி வயலோரப் பள்ளத்தில் போய்க் குந்தியது. றிம் நாலும் அப்போதும் பளபளத்துக்கொண்டிருந்தன. நடந்தும், ஒரு லொறியில் ஏறியும் போய்ச் சேர்ந்தபோது நேரம் தவறிவிட்டது. அங்கே இருந்த பெண் என் சப்பாத்திலிருந்து வடிந்த தண்ணீரைத்தான் பார்த்தாள், என் முகத்தை அல்ல. வேறு நாள் தருவோம் என்றாள்.

அந்த வேறு நாள் வர மாதங்களாயின. அதற்குப் பிறகும் கடிதம்தான் வந்தது, பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரியோடு. மனைவி ஒரேயொரு தடவை எழுதினாள், நேரத்துக்குப் போயிருக்கலாமே என்று. நிலவறையில் கழற்றி அடுக்கியிருந்த அந்தச் சில்லுகளைக் காணும்போதெல்லாம் திட்டுவேன். ஒரு நாள் காறித் துப்பினேன்.

வருடங்கள் கழித்து அவர்கள் வந்திறங்கியபோது மகள் என்னை “மாமா” என்று கூப்பிட்டுவிட்டுத் தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள். அதையும் சில்லின் கணக்கில்தான் போட்டேன்.

பிறகு ஒரு மாலை தொலைக்காட்சியில் சொன்னார்கள், எங்கள் ஆட்கள் குடும்பத்தை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களை மேலிடத்திலிருந்தே வேண்டுமென்று முடக்கி வைத்திருந்தார்களாம், சட்டத்துக்கு மாறாக. வெள்ளைச் சட்டை போட்ட கனவான்கள் குரலை உயர்த்தாமல் அதைப் பற்றிக் கதைத்தார்கள். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் கை நின்றது.

“அப்ப, நீங்கள் அண்டைக்கு நேரத்துக்குப் போயிருந்தாலும்?”

“ஓம். போயிருந்தாலும்.”

ஒரு சொட்டு நிம்மதியும் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. இத்தனை வருடம் நான் நாலு சில்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கவே ஒருவருக்கும் உத்தரவு இருக்கவில்லை.