சாரத்தில் மூன்றாவது மாடி

எங்கள் மாமாவுக்குப் பெண் தேடிய காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை, அவருடைய வேலையை எந்த வார்த்தையால் சொல்வது என்பதுதான். மாமா சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்ப எழும்ப, கொத்தனார் நின்று வேலை செய்வதற்காகச் சவுக்குக் கொம்புகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பலகை போட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பெண் வீட்டுக்காரர்களோ கொம்பு, கயிறு என்று கேட்டதுமே காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. இங்கிலீஷில் சொன்னால் எடுபடும் என்று அம்மா நம்பினார். அப்பா என் பள்ளி அகராதியைப் புரட்டி, ஸ்கஃபோல்ட் என்ற இடத்தில் விரலை வைத்தார். முதல் அர்த்தமாகத் தூக்குமேடை என்று போட்டிருந்தது. சாரம் அதற்கப்புறம்தான் வந்தது. "மாப்ள தூக்குமேடையில வேல பாக்குறாருன்னு சொல்லிடலாமா?" என்று அப்பா கேட்டதற்கு அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கும் சாரம் என்ற வார்த்தையோடு தகராறு இருந்தது. பாட்டின் சாரத்தை எழுதச் சொன்ன தமிழ் டீச்சருக்கு நான் கொம்பும் கயிறும் வரைந்து கொடுத்திருந்தேன்.

அதுவரை எந்த வரனைச் சொன்னாலும் தட்டிக்கழித்துவந்த மாமா, ஒருநாள் தானாகவே பாகூர்ப் பக்கத்து விலாசம் ஒன்றைக் கொண்டுவந்தார். கூட வேலை செய்கிறவர் யாரோ சொன்னாராம். பெண் நர்ஸாக இருந்தார். பெண்ணின் அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறவர். வெயிலில் காய்ந்தது தன்னோடு போகட்டும், மகளை டவுனில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அம்மா தயங்கினார்.

"இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்க்கா" என்றார் மாமா.

"இன்னும் பொண்ணையே பாக்கலியேடா" என்றார் அம்மா. மாமா புதுச்சட்டை வாங்கக் கிளம்பிவிட்டார்.

பெண் பார்க்கப் போன வேனில், காண்ட்ராக்ட் லைன் என்று மட்டும் சொல்ல வேண்டும், அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவானது. ஆனால் பெண்ணின் அப்பா விவரமானவர். பெரியவர்களை விட்டுவிட்டு நேராக என்னைக் கேட்டார்.

"ஒங்க மாமாவுக்கு எங்க பாப்பா வேல?"

"சாரத்துல."

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பாண்டி டவுனில் சாரம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பஸ்ஸில் ஏறி 'சாரம் ஒண்ணு' என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டவுன்லயே" என்றார். எதையோ சொல்ல வாயைத் திறந்த அம்மா, அதில் ஒரு முறுக்கைப் போட்டு மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் காப்பித் தட்டோடு வந்த பெண், எனக்குக் கொடுப்பதுபோலக் குனிந்து, காதோடு கேட்டார்: சாரத்துல எந்த மாடி? விவரம் தெரிந்த அக்காவாக இருக்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது. உரக்கவே சொன்னேன். "மூணாவது மாடி. அடுத்த மாசம் நாலாவதுக்குப் போயிடுவாரு."

மாமாவுக்குப் புரையேறியது. பெண்ணின் அப்பா தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "வேகமா மேல வர்ற புள்ள" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா தினமும் காலையில் முடிவெடுப்பார்; சாயங்காலத்துக்குள் தைரியம் போய்விடும். அதற்குள் கோயிலில், மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலை ஒருமுறை வாசித்தாகிவிட்டது. எங்கள் ஊர் மாதா திருவிழாவும் நெருங்கியது. கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் வேண்டும் என்றார்கள். மாமா சும்மா இருப்பாரா?

ஒரு சனிக்கிழமை காலை, சம்பந்தி வீட்டுக்குக் கரும்புக் கட்டோடு வண்டியில் வந்த பெண்ணின் அப்பா, கோயில் வாசலில் நிறுத்தி மாப்பிள்ளை வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். வழியைச் சொல்லாமல் எல்லோரும் மேலே கையைக் காட்டினார்கள். சிலுவைக்குப் பக்கத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்போடு மாமா கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். மாமா இறங்கி வந்து தலை குனிந்து நின்றார். சாரத்தில் வேலை என்றீர்களே என்று பெண்ணின் அப்பா கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஒரு கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதான் சாரம். நான் ஒண்ணும் பொய் சொல்லல தாத்தா."

"மூணாவது மாடின்னியே?"

"பிள்ளையார்குப்பம் பக்கம் ஆஸ்பத்திரில புதுக் கட்டடம் கட்றாங்கல்ல, அதுல மூணாவது மாடி. அக்கா கேட்டாங்க, சொன்னேன்."

"எந்த அக்கா?"

"ஒங்க வூட்டு அக்காதான். சாரத்துல எந்த மாடின்னு கேட்டாங்க."

அவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கையிலிருந்த கயிற்று நுனியை ரொம்ப அக்கறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்பு வெளியே வந்தது. கட்டிலிருந்து நல்ல கரும்பாக ஒன்றை உருவி என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "அழாதம்மா. நாளைக்கு ரெண்டாவது ஓலையும் வாசிக்கட்டும்."

நான் உண்மை பேசியதற்குத்தான் கரும்பு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பெரியவரும் அதற்குப் பிறகு உண்மையே பேசினார். யார் கேட்டாலும் மாப்பிள்ளைக்குச் சாரத்தில் வேலை என்று சொல்லி, அங்கேயே நிறுத்திக்கொள்வார்.

கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், பஸ்ஸில் கண்டக்டர் 'சாரம் எறங்கு' என்று குரல் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கு ஏது மாடி? மாமா ஆஸ்பத்திரியில் கட்டிய அந்தச் சாரத்துக்கு எதிர் வார்டில்தான் அத்தை அப்போது வேலை பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்று அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டவர்கள் மற்ற நாங்கள் எல்லோரும்தான்.