அக்கா எழுதிச் சேர்த்த வரிகள்

ஊதா மை ஊறிய ஒரு முத்திரைத் திண்டும், பிடி வழவழத்துப்போன ஒரு ரப்பர் முத்திரையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. முத்திரையில் ஒரே சொல்: ‘நீக்கப்பட்டது’. கிழிந்து, பக்கங்கள் உதிர்ந்து, இனி யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது என்று முடிவான புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதைக் குத்துவோம். குத்திவிட்டால் அது நூலகத்தின் புத்தகம் இல்லை, பழைய காகிதம். நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்த ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி முதல் மதியச் சாப்பாட்டு நேரம் வரை அந்த முத்திரையைக் குத்திக்கொண்டே இருந்தேன். அன்று வேலை சுறுசுறுப்பாக நடப்பதாக எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

திருப்பூரில் அப்போது நான் இருந்த நூலகம் சிறியது. நூலகரை சார் என்போம். புத்தகங்களை அடுக்கும் வேலையும் பதிவேட்டு வேலையும் என்னுடையவை. காலையில் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். இரவல் மேசையில் உட்காரும் பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் பெரியவரான சாரும்கூட அப்படித்தான். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கே வெட்டி மிஞ்சும் துணி நாடாக்களை அக்கா பை நிறையக் கொண்டுவருவார். நூலகத்தில் கயிறு வாங்கி நான் பார்த்ததில்லை. புத்தகக் கட்டுகளைப் பனியன் துணியால்தான் கட்டுவோம். சிவப்புத் துணி கட்டியிருந்தால் நீக்க வேண்டிய புத்தகங்கள், நீலம் கட்டியிருந்தால் பைண்டிங்குக்குப் போக வேண்டியவை. இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத, எங்கள் நூலகத்துக்கு மட்டுமேயான சட்டம்.

இரண்டு வகைக் கட்டுகளும் பின்னறையில் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டிலும் அட்டை கிழிந்த புத்தகங்கள்தான். நான் கட்டுகளை அவிழ்த்தேன், துணியைக் குப்பைக் கூடையில் போட்டேன், குத்தினேன். மதியம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் வந்து, பைண்டிங்குக்கு எடுத்து வைத்திருந்த வரலாற்றுப் புத்தகத்தை ஒரு வாரம் மட்டும் தரமுடியுமா என்று கேட்டாள். அதை எடுக்க அக்கா பின்னறைக்கு வந்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார்.

“ஏனுங் தம்பி, பைண்டிங் கட்டையுமா குத்திப்போட்டீங்க?”

எண்ணிப் பார்த்தோம். அறுபத்திரண்டு புத்தகங்கள். பாதிக்கு மேல் தேர்வுப் புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி விடுமுறையில் வந்து உட்காரும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படிப்பவை அவை.

என் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அது ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிலைக்கும். அப்பா வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார், அம்மா கம்பெனியில் பனியன்களின் நூல் பிசிறு வெட்டுகிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா என் பணி ஆணையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டியவர். காட்டும்போது தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பார். அதை நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. அந்தத் தாள் கண்முன் வந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “முதல் பக்கத்த மட்டும் கிழிச்சரலாங்களாக்கா?” என்று கேட்டேன். கேட்டதை மறைப்பதற்கில்லை.

“கிழிச்சா ரெண்டு தப்பாயிருமுங்க. ஒரு தப்போட நிறுத்திக்கலாம்” என்றார் அக்கா. பிறகு என் கையிலிருந்த முத்திரையை வாங்கி மேசைமேல் வைத்தார். “எந்திரி கண்ணு. போயி விவசாய ரேக்கைச் சரி பார்த்துட்டு வா. மேலிருந்து கீழ வரைக்கும். சார்கிட்ட அப்பறம் போலாம்.”

எப்போதும் வாங்க, போங்க என்பவர் அன்று மட்டும்தான் என்னை ஒருமையில் கூப்பிட்டார்.

இது அக்காவின் வழக்கம். எங்களில் யாராவது நிலைகுலைந்து போனால் அவர் ஆறுதல் சொல்ல மாட்டார், என்ன நடந்தது என்றும் கேட்க மாட்டார். அவர்களை எழுப்பி ஒரு ரேக்கைச் சரி பார்க்க அனுப்பிவிட்டு, அவர்கள் வேலையைத் தான் எடுத்துக்கொள்வார். ஒரு வாசகர் சாரை எல்லோர் முன்னாலும் தகாத வார்த்தையில் திட்டிய நாளில், சார் இலக்கண ரேக் முன்னால் அரை மணி நேரம் நின்றார். அந்த வாசகரிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தார். கூட்டும் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவருடைய மகன் வீட்டை விட்டுப் போயிருந்த வாரம், அக்கா அவரைக் குழந்தைகள் பகுதிக்கு அனுப்பி, புத்தகங்களை உயரப்படி அடுக்கச் சொன்னார். அதற்குள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தானே நிரப்பிவந்தார். எண் வரிசையைப் பார்த்துக்கொண்டே போகும்போது மனம் வேறு எங்கும் ஓட முடிவதில்லை. நானூறு புத்தகத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு தானாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. இதை நான் எங்கும் படிக்கவில்லை. விவசாய ரேக் முன்னால் நின்று தெரிந்துகொண்டது.

திரும்பி வந்ததும் கேட்டார்: “எத்தனை எடம் மாறியிருந்துச்சு?”

“பதினொண்ணுங்கக்கா.”

“பதினொண்ணா! போன மாசம் நீங்க அடுக்குன ரேக்குதானுங்க அது. அப்ப இன்னிக்கு நடந்ததுல ஆச்சரியமே இல்லீங்க.”

சிரித்துவிட்டேன். சிரித்த முகத்தோடுதான் சாரின் அறைக்குப் போனேன். உள்ளே நுழைவதற்குள் அது போய்விட்டது. அதற்கு முன்பே அக்கா ஒரு முறை உள்ளே போய் வந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பெரிய ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “ஒவ்வொண்ணுலயும் தவறுதலா இடப்பட்டதுன்னு எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்” என்றார். “மாவட்ட ஆபீசுக்குத் தெரிய வேண்டாம். நம்ம பதிவேட்டுல இருந்தாப் போதும்.” இரண்டு நாள் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். சார் அறுபத்திரண்டு கையெழுத்துப் போட்டார்.

பல மாதம் கழித்து, மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நெருக்கடியான நேரத்தில் சக ஊழியருக்குத் துணை நின்ற பணியாளர் ஒருவரை ஒவ்வொரு நூலகமும் பரிந்துரைக்கலாம், தேர்வு செய்யப்படுபவருக்கு விழாவில் பாராட்டு. யார் பெயர் என்பதில் பேச்சே இல்லை. சார் கீழே கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, நிரப்பும் வேலையை என்னிடம் விட்டார். சிக்கல் படிவத்தின் நான்காம் கட்டத்தில் இருந்தது. நடந்த நிகழ்ச்சி ஒன்றை விவரமாக எழுத வேண்டும், உதவி பெற்றவர் பெயரோடு.

சாரிடம் கேட்டேன். “நான் திட்டு வாங்கினதை நானே ஆபீசுக்கு எழுதறதாப்பா?” என்றார். கூட்டும் அம்மாவிடம் கேட்டேன். “எம் பையன் சமாச்சாரம் காயிதத்துல ஏறோணுங்களா சாமி?” என்றார். இருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அக்கா செய்த உதவி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய மோசமான நாள். அவரைப் பாராட்ட வேண்டுமென்றால் அந்த நாளை வெளியே எடுத்துப் போட வேண்டும். மிஞ்சியது என்னுடைய நாள். அதை எழுதினால் ஆபீசுக்குச் சொல்லாமல் விட்டதும் வெளியே வரும்; “உன் இஷ்டம்ப்பா” என்றார் சார். என் தகுதிகாண் காலம் முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்கான கோப்பும் அதே அலுவலகத்துக்குத்தான் போகும்.

மூன்று நாள் படிவம் என் பையிலேயே இருந்தது. நான்காம் நாள் எழுதினேன். நிறத்தைக் கவனிக்காமல் முத்திரை குத்தியதை எழுதினேன், கிழித்துவிடலாமா என்று கேட்டதையும் எழுதினேன். அதை விட்டுவிட்டால் அக்கா சொன்ன பதிலுக்குப் பொருளே இல்லை.

வெளியே போகும் தபாலைப் பதிவேட்டில் ஏற்றுவது அக்காவின் வேலை. இதை நான் யோசிக்கவில்லை. உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டேன். அவர் எடுத்துப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

“இதுல ஒண்ணு தப்புங்க தம்பி” என்றார். “நீங்க நெறத்தப் பார்க்காமக் குத்தல. அந்த வாரம் எங்க வீட்டுக்காரரு கம்பெனில ஒரே செவப்பு ஆர்டர். நீலத்துணி ஒரு துண்டு கெடைக்கலீங்க. ரெண்டையும் செவப்புலயே கட்டிப்போட்டு, உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். மறந்துட்டேன். அன்னிக்கே சார்கிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. உங்ககிட்டத்தான் வாய் வரல.”

இத்தனை மாதம் என் கண்களையே நான் சந்தேகித்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கும்முன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. கோபம் வந்தது என்பதும் உண்மை.

“ஏனுங்கக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“சொல்லியிருக்கோணும்” என்றார். வேறு சாக்கு சொல்லவில்லை. “இதை இப்படியே அனுப்புனா நான் பொய் சொல்லிப் பாராட்டு வாங்குன மாதிரியாயிருமுங்க. குடுங்க.”

பேனாவை வாங்கி, நான்காம் கட்டத்தின் அடியில், தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்: ‘மேற்படி தவறுக்கு முதற்காரணம் நானே. அடையாளத் துணியை மாற்றிக் கட்டிவிட்டுத் தெரிவிக்கத் தவறினேன்.’ கீழே பெயர், பதவி, தேதி. பதிவேட்டில் எண் போட்டார். உறையை ஒட்டுமுன் என்னைப் பார்த்தார். “அனுப்பட்டுங்களா? உங்க பேரும் இருக்குது, யோசிச்சுக்கங்க.”

“அனுப்புங்கக்கா” என்றேன்.

அலுவலகத்திலிருந்து சாருக்கு போன் வந்தது. “பரிந்துரை கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து விளக்கக் கடிதமில்ல அனுப்பியிருக்காங்க!” என்று அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்த ஆண்டுப் பாராட்டு வேறொரு நூலகத்துக்குப் போனது. என் தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் நீண்டு, பிறகு முடிந்தது. அக்காவின் பணிப் பதிவேட்டில், கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தி ஒரு வரி ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் நூலகத்தில் துணியோடு ஒரு சீட்டும் வைத்துக் கட்டத் தொடங்கினோம்.

குற்ற உணர்ச்சியால்தான் அன்று என்னைப் பார்த்துக்கொண்டாரோ என்று சில காலம் நினைத்ததுண்டு. ஆனால் சாருக்கும் அந்த அம்மாவுக்கும் செய்தபோது அவருக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இருந்திருக்க முடியாது. எனக்குச் செய்தபோது அவரும் பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்தோடு என் வேலையையும் எடுத்துக்கொண்டார். அன்று அவரை எந்த ரேக்குக்கும் அனுப்ப ஆளில்லை. இப்போது இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது நான் பெருமாநல்லூர்ப் பக்கம் வேறொரு நூலகத்தில் இருக்கிறேன். இதை எழுதுவதற்குமுன் அக்காவுக்கு போன் செய்து, பெயர் போடாமல் உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். மேசையில் நின்ற யாருக்கோ தேதி முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

“என்ர தப்பையும் போடுவீங்கன்னா எழுதுங்க” என்றார்.

போட்டுவிட்டேன், அக்கா.