ஆறாவது நட்சத்திரம்

ஞானசௌந்தரி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஏழு வருடங்களாக வேலை பார்த்தாள். பாகங்களின் படங்களை ஸ்கேன் செய்து, சுருக்கி, பாஸ்வேர்ட் போட்டு, சர்வரில் வைப்பாள்; ஆபீஸில் யார் கேட்டாலும் அவளே போய்த் திறந்து கொடுப்பாள். அவள் ரயில் பிடித்து செம்பாக்கம் வந்து சேரும்வரை மகள் பேபி பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். 1998-இல் வீட்டுக்குப் பக்கத்தில், தாம்பரத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தும் மேனேஜர் யக்ஞநாராயணன் அவளை விடுவிக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த பாஸ்வேர்டுக்கு மற்றவர்களிடம் படங்கள் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரவி கேபிளை மாற்றினான், சர்வரை நிறுத்தி மறுபடி போட்டான்.

"நெட்வொர்க் நல்லாத்தான் கீது சார். அக்கா எந்த மிஷின்ல அடிச்சாலும் தொறக்குது. கைராசி!"

"கைராசியை இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார் மேனேஜர்.

ரவி அவள் பின்னால் நின்று, அவள் அடிப்பதைப் பார்த்தான். "maria-ன்னு அஞ்சு எழுத்துதானேக்கா சொன்னே? ஸ்கிரீன்ல ஆறு ஸ்டார் வியுது பாரு."

அவள் மெதுவாக மறுபடி அடித்தாள். விரல் முதலில் போனது கூட்டல் குறிக்கு. பள்ளி நாளிலிருந்தே தாளின் தலையில் சிலுவை போடாமல் அவள் எதையும் எழுதியதில்லை. நாம் நம்புவதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமல்தான் நடக்கிறது போலும்.

"எங்க பிள்ளையார் சுழி மாதிரியாக்கா?" ரவி சிரித்தான். அவன் மிஷினில் கூட்டல் குறியோடு அடித்ததும் படங்கள் திறந்தன.

"சார், நான் கிளம்பலாமா?"

"ஏழு வருஷத்துப் படம் இருக்கேம்மா. எதுல என்ன போட்டிருக்கீங்களோ."

"எல்லாத்துலயும் இதேதான் சார் இருக்கும்."

"இத்தனை நாள் போட்டதே உங்களுக்குத் தெரியலையே. ஒவ்வொண்ணா திறந்து காட்டிட்டுப் போங்க."

தாம்பரத்துக்கு போன் செய்து இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள்.

"திங்கட்கிழமை ஆள் வேணும்மா. வேற ஒருத்தர் தயாரா இருக்கார்" என்று வைத்துவிட்டார்கள்.

"எந்த வருஷத்துலேர்ந்துக்கா ஆரம்பிக்கிறது?" என்றான் ரவி.

"எதுலேர்ந்து வேணா ஆரம்பி."