வலது பக்க நிழல்

மரியபுஷ்பத்துக்குத் தெரியாத இருமல் கிடையாது. நாகர்கோவிலில் நர்சிங் முடித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவளை நெஞ்சுநோய் வார்டில் போட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அங்கேதான். பீடி இருமல் எது, புகை இருமல் எது, டி.பி. எது என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் மகள் ஜோஸ்லினின் இருமல் மட்டும் பிடிபடாமல் போயிற்று.

நவம்பர் மாதத்தில், டெல்லியில் அவர்கள் குடியிருக்கும் துவாரகாவில், இருமாதவர் யார்? லிஃப்டில் ஏறினால் ஆளாளுக்கு இருமுவார்கள். மகளுடையதையும் புகை என்றுதான் விட்டிருந்தாள். விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை செய்த கிளினிக்கிலிருந்து ஒருநாள் போன் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் தெரிகிறதாம். திங்கட்கிழமை வந்து மறுபடி எடுக்க வேண்டுமாம்.

மேல்பக்கம். டி.பி. முதலில் குடியேறுவது அங்கேதான் என்று வார்டுக்குப் புதிதாக வரும் மாணவிகளுக்குப் பாடம் சொல்கிறவளே அவள்தான்.

ஜோஸ்லினுக்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில், நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பிப்ரவரியில் வகுப்பு. மறு படத்திலும் நிழல் விழுந்தால் சளியை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கே இரண்டு மாதம் ஆகும். பிப்ரவரி போய்விடும், இடமும் போய்விடும். இடம் போகட்டும், நோய் வந்திருந்தால்? யார் கொண்டுவந்து கொடுத்தது? வார்டிலிருந்து வந்ததும் குளிக்காமல் அவள் பிள்ளையைத் தொட்டதில்லை. ஆனால் குளித்தால் போகிற சமாசாரமா அது?

"ஒனக்க ஆஸ்பத்திரியிலயே ஒரு படம் எடுத்துப் பாத்தா என்ன?" என்றார் கணவர் ஆல்பர்ட். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. எதையும் உடனே அனுப்பி முடித்துவிட வேண்டும் அவருக்கு. "நீ ஒரு வார்த்த சொன்னா போதும்லா?"

"ஒண்ணும் வேண்டாம். திங்கக்கிழம தெரியும்லா, சும்மா இரும்."

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் 'பயப்படாமல் சோதித்துப் பார்' என்று புத்தி சொல்கிறவளுக்குத் தன் வீட்டு உண்மையைத் தெரிந்துகொள்ளப் பயம். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் ஆல்பர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. அடிலெய்டிலிருந்து பதில் வந்த நாள் முதல், இரவு செபமாலை முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் மட்டும் முழங்காலில் இருப்பாள். 'மாதாவே, எப்படியாவது இவள் போகாமல் தடுத்துவிடும்.' இதுதான் அவளது வேண்டுதல். வெளியூர் போகிறவள் திரும்புவதில்லை என்பதற்கு அவளே சாட்சி. ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதானே டெல்லிக்கு வந்தாள்? இப்போது மாதா தடுத்துவிட்டார். 'எப்படியாவது' என்று கேட்டவள் அவள்தான்.

திங்கட்கிழமை மெட்ரோவில் தாயும் மகளும் கிளினிக்குக்குப் போனார்கள். ஜோஸ்லின் முகக்கவசத்துக்குள் இருமினாள். எதிரே இருந்தவர் கால்களை இழுத்துக்கொண்டார். அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது மரியபுஷ்பத்துக்கு.

கிளினிக்கில் எக்ஸ்ரே அறைக் கதவு மூடிக்கொண்டது. அவள் வெளியே நின்றாள். உள்ளிருந்து டெக்னீஷியன் பெண்ணின் குரல் கேட்டது.

"பால் ஊபர் கரோ, பேட்டா. ஜூடா பாந்த்லோ."

முடியைத் தூக்கிக் கொண்டை போடு என்கிறாள். எக்ஸ்ரேக்கு அனுப்பும் ஒவ்வொரு பெண்ணிடமும் மரியபுஷ்பம் தினமும் சொல்லும் வார்த்தை அது. அடர்த்தியான பின்னல் தோளில் கிடந்தால் படத்தில் அதுவும் நுரையீரல்மேல் நிழலாக விழும். எப்போதும் முடியை விரித்துப்போட்டுத் திரிகிற பிள்ளையை, விசா காரியத்துக்குப் போகிறவள் லட்சணமாகப் போகட்டும் என்று முதல் படம் எடுக்கப்போன அன்று உட்காரவைத்து, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னி, வலது தோள்வழியே முன்னால் எடுத்துவிட்டவள் இவளேதான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

ஆனால் பின்னல்தான் என்று யார் கண்டது? நோயாகவும் இருக்கலாமே. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. டாக்டர் கூப்பிடும்வரை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏக்தம் சாஃப்," என்றார் டாக்டர். சுத்தமாக இருக்கிறதாம். இருமல் வெறும் புகைதானாம். "போன தடவை முடிதான். எங்கள் ஆள் கவனித்திருக்க வேண்டும், மன்னியுங்கள்."

மரியபுஷ்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படி இறங்குவதற்குள் அடுத்த கவலையும் வந்து சேர்ந்தது: அப்படியானால் இவள் போகிறாள்.

ரோட்டோரம் ஆட்டோவுக்கு நின்றபோது அவளால் அடக்க முடியவில்லை. "மக்ளே, நீ போவக்கூடாதுண்ணு மாதாகிட்ட நான்தான் கேட்டேன்."

"பதா ஹை, அம்மா. எனக்குத் தெரியும். மனசுக்குள்ள கேக்கறேன்னு நெனச்சிட்டு நீ சத்தமாதான் கேக்கற."

"பின்ன ஏன் சண்டைக்கு வரல்ல?"

ஜோஸ்லின் செருப்பு முனையைப் பார்த்தாள். "நானும் அதான் கேட்டேன். எனக்கு அங்க யாருமில்ல அம்மா. ரொம்ப டர் லக்தா ஹை, பயமா இருக்கு. போன் வந்ததும் நான் கேட்டதாலதான் இப்பிடி ஆச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட எப்பிடிச் சொல்றது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நீயே சொல்லு. நீ வேண்டாம்னா போகல. சச்சி, நெஜமாதான்."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். மாதாவைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பிள்ளையே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். மரியபுஷ்பம் மகளின் முகத்தைப் பார்த்தாள். பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பயத்தைச் சாக்காக்கிப் பிடித்துவைத்துக்கொண்டால் பிள்ளை காலத்துக்கும் துவாரகாவில்தான் கிடப்பாள்.

"போ மக்ளே," என்றாள். "பயந்துகிட்டே போ. நானும் அப்படித்தான் வந்தேன்."

ஆட்டோ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தவள் துவாரகா வரும்வரை அழுதுகொண்டே இருந்தாள். ஜோஸ்லின் அவள் கையை விடவில்லை.