நார்வல் பூட்டிய ஐந்தாம் வகுப்புக் கொக்கி

நார்வல் ப்ரெக்கே பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், பனி தள்ளும் எந்திரம் முனகினால் அவரிடம்தான் ஓடுவோம். எதைக் கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் வரும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

ஓய்வு பெற்றதும் ஒரு கேம்பர் வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, தன்னிடமிருந்த பிக்கப் டிரக்குக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. குளிர்காலத்தைத் தெற்கே வெயிலடிக்கும் அரிசோனாவில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மனைவி ஆர்டிஸுக்கோ நெடுஞ்சாலை என்றாலே பயம்.

"ஒரே ஒரு தடவை பக்கத்துல எங்கியாவது போய்ப் பாப்போம். பயமா இருந்துச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது," என்று சொல்லிவிட்டார் ஆர்டிஸ்.

பிக்கப்பில் இருந்த இழுவைக் கொக்கி மூன்றாம் வகுப்பு. வகுப்பு ஏற ஏறத் தாங்கும் எடையும் ஏறும் என்பது நார்வலுக்குத் தெரியும். கடைக்குப் போய் ஐந்தாம் வகுப்பையே வாங்கிப் பூட்டிவிட்டார். பன்னிரண்டாயிரம் பவுண்டு என்று அதில் பொறித்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொக்கியில் மாட்டும் இரும்புக் குண்டைப் பார்த்தார், ஆறாயிரம். பிக்கப்பின் கையேட்டைப் புரட்டினார்; ஐயாயிரம்தான் இழுக்குமாம். கேம்பரில் அடித்திருந்த தகடோ, சாமான் ஏற்றினால் ஏழாயிரம் என்றது. மனிதருக்குத் தலை சுற்றியது. எல்லாம் அச்சில் இருக்கிறது, யாரை நம்புவது? கடைசியில் பெரிய எண்ணுக்கே தீர்ப்பெழுதினார். மனசு மட்டும் ஒப்பவில்லை.

கேம்பரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்தது. விறகு, தண்ணீர்க் கேன், நாற்காலி எல்லாவற்றையும் கேம்பரின் பின்கோடிக்குத் தள்ளினார். பிக்கப் நிமிர்ந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் பக்கத்து வீட்டு லைலைக் கூப்பிட்டார். லைல் பீட்கிழங்கு லாரி ஓட்டியவர்.

"கோடு போட்ட மாதிரி நிக்குதுல்ல, லைல்?"

லைல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "ம்... நிக்குது. ஒரு தினுசாத்தான் இருக்கு."

எங்கள் ஊரில் அதற்கு மேல் கடுமையான வசவு கிடையாது. நார்வலுக்கும் அது தெரியும். தெரிந்தும், "காப்பி குடிக்கிறியா?" என்று பேச்சை மாற்றினார்.

மறுநாள் ஆர்டிஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நெடுஞ்சாலை இறக்கத்தில் ஒரு பெரிய லாரி அவர்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் கேம்பரின் பின்கோடி இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்து, பிக்கப்பையும் சேர்த்து உலுக்கியது.

"நார்வல்!" என்று அலறினார் ஆர்டிஸ்.

நார்வல் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. பிழைத்தது பெரிய பாடு. வண்டியை ஓரம் கட்டினார். ஆர்டிஸ் இறங்கிப் புல்லில் நின்றார்.

"என்ன ஆச்சு?"

"அது வந்து... காத்து..." என்று இழுத்தார் நார்வல். "தெரியல ஆர்டிஸ். நாலு எடத்துல நாலு நம்பர் போட்டிருக்கு. எதைக் கணக்குல எடுக்கணும்னு எனக்குப் புரியவே இல்ல. புரியாமத்தான் உன்னை ஏத்திக்கிட்டு வந்தேன்."

ஆர்டிஸ் போனை எடுத்து லைலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நிற்கிற இடத்தையும் நடந்ததையும் சொன்னார்.

"லைல், இந்த பிக்கப் இதை இழுக்குமா, இழுக்காதா? மரியாதையெல்லாம் பாக்காம சொல்லு."

"இழுக்காது ஆர்டிஸ். எது சின்ன நம்பரோ அதுதான் கணக்கு. கொக்கி பெருசானா பிக்கப்பும் பெருசாயிடுமா? போதாக்கொறைக்கு பாரத்தை வேற பின்னாடி தள்ளிட்டான். கேம்பரோட முன்பக்கம் கனமா இல்லேன்னா ஆடத்தான் செய்யும்."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேரா நிக்குதான்னுதானே கேட்டான். நின்னுச்சு. அங்கியே இருங்க, என் பெரிய லாரிய எடுத்துட்டு வந்து கேம்பர இழுத்துடறேன்."

நார்வல் சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்தார். "போச்சு. இனிமே நீ வரமாட்ட."

"இதுல வரமாட்டேன். பிக்கப் இழுக்கற மாதிரி சின்னதா ஒண்ணு பாரு, வரேன்."

"பயமா இல்லியா உனக்கு?"

"நீ எல்லாம் தெரியும்னு சொல்லி ஓட்டறப்பத்தான் எனக்கு பயம்," என்றபடி ஆர்டிஸ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.